பெயர் வந்த பிறகு



உயர்தரப் பெறுபேறு வெளிவந்த வாரத்தில் வேலணைக்கு வருகிறவர் யாரிடமும் எதையும் விசாரிக்கத் தேவையில்லை. வங்களாவடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும். எந்தப் பிள்ளை மூன்று பாடத்திலும் ஏ எடுத்தது, மாவட்டத்தில் எத்தனையாம் இடம், யார் மருத்துவத்துக்கு, யார் பொறியியலுக்கு என்பதையெல்லாம் பதாகைகளே சொல்லிவிடும். கீழே வாழ்த்துவோர் வரிசையில் பழைய மாணவர் இருப்பார்கள், கோயில் நிர்வாகம் இருக்கும், சனசமூக நிலையம் இருக்கும், சில வேளை சந்திக் கடைக்காரரும் இருப்பார். இந்தப் பெருமையில் பிழையே இல்லை. தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத பஸ்ஸில் போய் ரியூசன் படித்து, பாட ஆசிரியர் இல்லாத தவணைகளையும் தாண்டி வந்த பிள்ளை அது. கொண்டாடத்தான் வேண்டும்.

பதாகையோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நாம் நினைப்பதுதான் எனக்கு இடறுகிறது. பெயர் வந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? நாம் அதனிடம் எதைக் கேட்கிறோம்? இந்த மாத ஆசிரியர் பக்கத்தில் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

இதைத் தொடக்கிவைத்தது ஒரு கடிதம். கரம்பனில் பிறந்து இப்போது அமெரிக்காவில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். 'டவ் பீட்டா பை' என்ற சங்கத்தில் சேர அழைப்பு வந்திருக்கிறது. மிகச் சிறந்த மாணவரை மட்டும் தெரிந்தெடுக்கும் மதிப்புச் சங்கம் அது. தாய்க்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் அழைப்போடு ஓராண்டு வேலைநிரலும் வந்திருக்கிறது. இளைய மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடங்களுக்குப் போகவேண்டும், கூட்டம் கூட்ட வேண்டும், கணக்கு எழுத வேண்டும். கெட்டிக்காரி என்று மாலை போடுகிறவர்கள் அதே கையோடு வேலையும் தருகிறார்களே, இது என்ன வழக்கம் என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடப் போன இடத்தில் நம் யாழ்ப்பாணத் தீவகத்துக்கு வேண்டிய ஒரு யோசனையும் கிடைத்தது.

அமெரிக்காவில் மாணவரை இப்படித் தெரிந்தெடுத்து மதிக்கும் வழக்கம் 1776இல் தொடங்கிய 'ஃபை பீட்டா கப்பா' சங்கத்தோடு வந்தது. அது கலை, இலக்கியம், தூய விஞ்ஞானம் படிப்பவர்களின் சங்கம். சுரங்கமும் பாலமும் இயந்திரமும் படித்த மாணவர் எவ்வளவு திறமை காட்டினாலும் அதற்குள் இடமில்லை. பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் வில்லியம்ஸுக்கு இது குறையாகப் பட்டது. 1885இல் அவர் பொறியியல் மாணவருக்கென்று டவ் பீட்டா பையைத் தொடக்கினார். அந்த ஆண்டு வகுப்பில் முதலாவதாக வந்த இர்விங் ஹைக்ஸ்தான் முதல் உறுப்பினர். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதற்கு 250க்கு மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன.

அதன் சின்னம் என்ன தெரியுமா? ரயில் பாதையைத் தாங்கி நிற்கும் பழைய சட்டகப் பாலத்தின் ஒரு கால். கிரீடமும் இல்லை, சிங்கமும் இல்லை. பாரம் முழுவதையும் வாங்கி நிலத்துக்கு இறக்கிவிடுகிற உறுப்பு அது. பண்ணைத் தாம்போதியால் போய்வரும் நமக்கு அந்தச் சின்னத்தின் பொருளை விளக்கத் தேவையில்லை.

சேர்வதற்கான விதியும் கவனிக்கத்தக்கது. மூன்றாம் ஆண்டு மாணவர் வகுப்பின் மேல் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும். இறுதியாண்டு என்றால் மேல் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அந்தப் புள்ளி அவரை வாசல்வரைதான் கொண்டுவரும். உள்ளே எடுப்பதா இல்லையா என்பதை ஏற்கெனவே உறுப்பினராக உள்ள மாணவர்கள் அவருடைய நடத்தையைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். 1904இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் மாணவருக்காகத் தொடங்கிய 'ஈட்டா கப்பா நூ'வும் அப்படியே: படிப்பு, ஒழுக்கம், மனப்பாங்கு என்ற மூன்றையும் பார்க்கும். 2010இல் இது உலக மின்பொறியியலாளரின் பெரிய அமைப்பான ஐ.ட்ரிபிள்.ஈ.யோடு இணைந்தது. இதன் சின்னத்தில் இருப்பது வீட்ஸ்டன் பாலம். நம் உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகள் எல்லோருக்கும் பழக்கமான அதே மின்சுற்றுத்தான்.

இனி வாசகி கேட்ட வேலைநிரலுக்கு வருவோம். கிளைக்குக் கிளை விவரம் வேறுபடும். ஆனால் ஆண்டின் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். கல்வியாண்டு தொடங்கியதும் தகுதியுள்ளவர்களின் பெயர்ப்பட்டியல் வரும், தெரிவு நடக்கும், ஒரு மாலையில் உறுதிமொழி எடுத்துச் சேர்ப்பார்கள். அதன் பிறகு பரீட்சைக் காலங்களில் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவருக்கு இலவச வகுப்பு. சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சிறு பிள்ளைகளுக்குக் கணிதமும் அறிவியலும் செய்துகாட்டுவது. டவ் பீட்டா பை இதற்கென்றே ஒரு தனித் திட்டம் வைத்திருக்கிறது. தொழிற்சாலை பார்க்கப் போவது, வேலைக்கு நேர்முகம் போகிறவருக்குப் பயிற்சி கொடுப்பது, பழைய உறுப்பினரை அழைத்துப் பேசவைப்பது. இளவேனிலில் இன்னொரு தெரிவு. கடைசியில் புதிய நிர்வாகத்திடம் பொறுப்பைக் கொடுத்து, செய்த வேலைகளை அறிக்கையாக எழுதித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். எது சிறந்த கிளை என்பதை முடிவுசெய்ய ஈட்டா கப்பா நூ பார்ப்பது அந்த அறிக்கையைத்தான்.

இந்த நிரலைப் படித்தபோது கண்ணில் பட்ட விடயம் ஒன்று. ஆண்டில் ஒன்றிரண்டு மாலைப் பொழுதுகளே பாராட்டுக்கு. மீதி நாள்கள் எல்லாம் அடுத்தவருக்கு. கெட்டிக்காரியிடம் வேலை வாங்குவது அவமரியாதை என்று அவர்கள் நினைக்கவில்லை. இவளால் இது முடியும், இவளை நம்பிக் கொடுக்கலாம் என்பதே அந்த அழைப்பின் பொருள். அம்மா, உங்கள் மகளுக்கு எங்கள் வாழ்த்து. வேலைநிரலைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிச் சொல்வதால் அந்தச் சங்கங்கள் குறையே இல்லாதவை என்று நான் வாதிடவில்லை. டவ் பீட்டா பை 1969 வரை பெண்களை முழு உறுப்பினராக ஏற்கவில்லை. திறமை காட்டிய பெண்களுக்கு ஒரு தனிப் பதக்கத்தைக் கொடுத்து வெளியிலேயே நிறுத்தி வைத்தது. யாரைத் தெரிந்தெடுக்கிறோம் என்பதில் பெருமை கொள்ளும் எந்தச் சங்கமும் யாரை விட்டுவிடுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இப்படி ஒன்று அமைந்தால் அதற்கும் இதுவே முதல் எச்சரிக்கை.

கனடாவில் இருக்கும் வாசகர்கள், மதிப்போடு பொறுப்பையும் தரும் இந்த வழக்கத்தை இன்னொரு உருவத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே பொறியியல் முடித்த பிள்ளையின் சுண்டுவிரலில் ஒரு சாதாரண இரும்பு மோதிரம் இருக்கும், வேலை செய்கிற கையில். 1907 ஆகஸ்ட் 29ஆம் திகதி கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் சரிந்து 75 தொழிலாளர் இறந்தார்கள். பாலத்தின் சொந்தப் பாரத்தையே சரியாகக் கணக்கிடாமல் விட்டிருந்தார்கள். 1916இல் நடு வளையை ஏற்றும்போது அது மீண்டும் விழுந்து இன்னும் 13 பேர் மாண்டனர். 1925இல் கனடாப் பொறியியலாளர் அந்த மோதிரச் சடங்கைத் தொடங்கினார்கள். விழுந்த பாலத்தின் இரும்பில் செய்த மோதிரம் என்று பலர் சொல்வார்கள், அது கதை. கதையாக இருந்தாலும், வரைபடத்தில் பென்சில் ஓடும்போதெல்லாம் அந்த இரும்பு தாளில் உரசும் என்பது உண்மை.

சரி, நம் நாட்டில்? கிரேக்க எழுத்துப் பெயர் தாங்கிய சங்கம் நம் மாணவருக்கு வழக்கமில்லை. பீடாதிபதிப் பட்டியலில் பெயர் வரும், பட்டமளிப்பில் தங்கப் பதக்கம் உண்டு. தொழிலுக்கு வந்த பிறகு பொறியியலாளர் நிறுவகம் இருக்கிறது; அதன் வேர் 1906இல் அமைந்த இலங்கைப் பொறியியற் சங்கம். 1918இல் பொறியியலாளர் விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற தமது கட்டுரையை அந்தச் சங்கத்தின் முன்தான் வாசித்தார். உடனே யாரும் கைதட்டி வேலையைத் தொடக்கிவிடவில்லை. லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. ஆனால் ஒரு கூட்டத்தின் முன் வைத்து, பதிவாகி, விவாதிக்கப்பட்ட யோசனை சாகவில்லை.

மாணவர் மத்தியில் பெயரே இல்லாமல் ஒரு மதிப்புச் சங்கம் நம்மிடம் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களோ தெரியாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் முன்னோடிப் பரீட்சையைச் சொல்கிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கும் தமிழ்மொழிமூலப் பிள்ளைகளுக்கு, உண்மைப் பரீட்சைக்கு முன்னர், அதே வடிவில் ஒரு பரீட்சை. உங்கள் வீட்டிலும் அதை எழுதிய பிள்ளை இருக்கலாம்.

அதன் பின்னால் உள்ள உழைப்பை எண்ணிப் பாருங்கள். பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் 50 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். சரியான விடை ஒன்றை எழுதுவது சுலபம். பிள்ளை வழக்கமாக எங்கே வழுக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் பிழையான நான்கையும் நம்பும்படி எழுத வரும். பிறகு அமைப்புக் கட்டுரை, கட்டுரை வினாக்கள். இணைந்த கணிதத்துக்கு மூன்று மணித்தியாலத் தாள்கள் இரண்டு. புள்ளித்திட்டம் போட வேண்டும், தாள் வெளியே கசியாமல் அச்சடிக்க வேண்டும், வடக்கு கிழக்கு மலையகம் கொழும்பு என்று நிலையங்களுக்குக் கொண்டுபோக வேண்டும், மேற்பார்வை பார்க்க வேண்டும். கடைசியில் கட்டுக்கட்டாக வரும் விடைத்தாள்களைத் தங்கள் விரிவுரைக்கும் பரீட்சைக்கும் நடுவே இருந்து திருத்த வேண்டும். ஒரு சதம் சம்பளம் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் இதே பரீட்சையை எழுதியவர்கள்தான் இன்று திருத்துகிறார்கள். இன்று எழுதுகிறவர்களில் சிலர் நாளை அதே மேசைக்கு வருவார்கள். டவ் பீட்டா பையின் வேலைநிரல் கேட்பதும் இதைத்தானே?

மூத்த அணி இளைய அணிக்கு என்ன கைமாற்றுகிறது என்பதை வைத்தே ஒரு பீடத்தை மதிப்பிடலாம். கைமாற்றம் கொடுமையாகவும் இருக்கக்கூடும். 1997இல் பேராதனைப் பொறியியற்பீடத்தில் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998இல், பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் தண்டிக்கும். ஆனால் புதிதாக வருகிற பிள்ளைக்கும் மூத்த மாணவருக்கும் இடையே வேறு ஒரு உறவைக் கட்ட அதனால் முடியாது. சேர்ந்து வினாத்தாள் கட்டும் மேசையில் அந்த உறவு தானாக வளரும்.

தீவகப் பிள்ளையின் கணக்கு இன்னும் இறுக்கமானது. பொறியியற்பீட அனுமதி இஸட் புள்ளியால் தீர்மானிக்கப்படுகிறது. இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 சதவீதம் மாவட்டத் தகுதிக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டப் பங்கு என்றால் நமக்கு யாழ்ப்பாண மாவட்டம். ஆய்வுகூடமும் பெயர்பெற்ற ஆசிரியரும் ரியூசன் நிலையங்களும் சூழ இருக்கும் பட்டணத்துப் பிள்ளையும், நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வந்து பஸ் ஏறுகிற பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பரீட்சைத் திணைக்களத்தின் கணினிக்குக் கடல் தெரியாது. மாரியில் படகு ஓடாத நாள்களும் தெரியாது. இந்த இடைவெளியைச் சட்டத்தால் உடனே நிரப்ப முடியாது என்றால், முன்னே போனவர்களின் நேரத்தால் ஓரளவு நிரப்பலாம்.

முன்னே போனவர் என்றதும் எனக்குப் பேராசிரியர் அழகையா துரைராஜாவின் பெயர்தான் முதலில் வருகிறது. வடமராட்சி கம்பர்மலையில் 1934இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மண் இயந்திரவியல் ஆய்வு செய்தார். களிமண்ணும் மணலும் வெட்டுவிசைக்கு உள்ளாகும்போது சக்தி எப்படிச் செலவாகிறது என்பதை அளந்து காட்டினார். 1963இல் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்டு ஆகியோரோடு அவர் எழுதிய கட்டுரை, 'கேம் கிளே' என்று உலகெங்கும் கற்பிக்கப்படும் மண் மாதிரியின் அடிப்படைகளில் ஒன்று. அவ்வளவு திறமை காட்டியவர் நாடு திரும்பினார். பேராதனையில் கற்பித்து பொறியியற்பீடாதிபதி ஆனார். 1988 முதல் 1994 வரை, போர் உச்சத்தில் இருந்த காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். மின்சாரமும் எரிபொருளும் இல்லாத ஆண்டுகள் அவை. மேல்நாட்டில் ஒரு கதிரை அவருக்கு எப்போதும் காத்திருந்திருக்கும். கிளிநொச்சி அறிவியல்நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகப் பொறியியற்பீடம் இருக்கிறது. வேலணையில் இருந்து காலையில் புறப்பட்டு ஏ9 வீதியால் போனால் மதியத்துக்கு முன் சேர்ந்துவிடலாம். பொறியியல் நமக்கு இப்போது தொலைதேசப் பொருள் இல்லை.

ஆகவே என் யோசனை இது. மொறட்டுவை, பேராதனை, கிளிநொச்சி என்று எந்தப் பீடத்தில் படித்தாலும், தீவகத்தோடு தொடர்புள்ள பொறியியல் மாணவர் ஒன்றுசேர்ந்து ஓராண்டு வேலைநிரல் ஒன்றை வகுக்க வேண்டும். பெயரும் சின்னமும் பிறகு வரட்டும். நிரலை ஆங்கில மாதங்களின்படி போடாமல் நம் காற்றையும் மழையையும் பார்த்துப் போட்டால் அது தானாகவே ஊருக்குப் பொருந்திவிடும்.

தை, மாசி. மாரி முடிந்து கிணறுகள் நிறைந்திருக்கும். அப்போது தண்ணீரை அளக்க வேண்டும். நம் தீவுகளின் அடியில் சுண்ணாம்புக் கல்லிலும் மணலிலும் உள்ள நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிறது. கைபென் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதற்குக் கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி உயர்ந்து நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மறுபக்கமும் உண்மை: மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் கை வலித்ததும் நிறுத்தினோம். மோட்டருக்குக் கை வலிக்காது. சாட்டிக் கிணறுகளை நம்பிப் பவுசருக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு வெறும் பாடமல்ல. கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும். ஒவ்வொரு பாடசாலையும் சில கிணறுகளைத் தெரிந்து மாதம் ஒருமுறை அளக்கட்டும். பல்கலைக்கழக மாணவர் அதை வரைபாக்கிக் காட்டட்டும்.

பங்குனி, சித்திரை. சாதாரணதரம் முடித்த பிள்ளை எந்தப் பிரிவு எடுப்பது என்று தடுமாறும் காலம். கணிதம் எடுக்க ஆசைப்பட்டும், ஊரில் அதற்கு வசதியில்லை என்று பிரிவை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம். இக்காலத்தில் மாணவர் பெட்டியில் ஆய்வுகூடத்தைக் கொண்டுவரலாம். மீற்றர் பாலம், ஊசல், வில்லை, சில தடைகள், ஒரு கல்வனோமானி. புத்தகத்தில் படமாக மட்டும் கண்ட வீட்ஸ்டன் பாலத்தைப் பிள்ளை தன் கையால் சமன்செய்து, முள் பூச்சியத்துக்கு வருவதை ஒருமுறை பார்க்கட்டும். பெண்பிள்ளைகளை வலிந்து அழைக்க வேண்டும்.

வைகாசி முதல் ஆவணி வரை. சோளகம் வீசும், கிணறு வற்றும், உப்பு ஏறும். இரண்டாம் அளவீடு இப்போதுதான். காற்றைப் பற்றிப் பேசவும் இதுவே காலம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணி மின்கலம், பின்துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். இந்த எண்களைச் செய்தியில் படித்து யார் தந்தது, யார் தடுத்தது என்று நாம் நிறையவே பேசினோம். கிலோவாட் என்றால் என்ன, கிலோவாட் மணி என்றால் என்ன, காற்றும் வெயிலும் இருக்க டீசல் ஏன் அத்தனை பெரிதாக வேண்டும் என்று அந்தத் தீவு மக்களுக்குத் தமிழில் விளக்க ஆள் வேண்டாமா? மூன்றாம் ஆண்டு மின்பொறியியல் மாணவருக்கு இதைவிட நல்ல வாய்மொழிப் பரீட்சை கிடைக்காது. இந்தக் காலத்திலேயே நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவும் வரும். குறிகட்டுவானில் எத்தனை பேர் எந்த நேரத்தில் கூடுகிறார்கள், படகு எத்தனை பேரை ஏற்றுகிறது, உயிர்காப்பு அங்கி எத்தனை பேர் உடலில் இருக்கிறது என்று எண்ணிக் குறித்தாலே பிரதேச செயலகத்தின் கையில் கொடுக்கத்தக்க ஓர் ஆவணம் ஆகும்.

புரட்டாசி, ஐப்பசி. ஒருகாலத்தில் ஆகஸ்டில் நடந்த உயர்தரப் பரீட்சை சில ஆண்டுகள் ஆண்டுக் கடைசிக்குத் தள்ளிப்போனது. திகதி மாறினால் இந்த நிரலும் மாறட்டும்; பரீட்சைக்கு முந்திய வாரங்களில் முன்னோடிப் பரீட்சையைத் தீவகத்துக்குள்ளேயே எழுத வசதி செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், திருத்திய தாளைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளைக்கு அருகே அரை மணித்தியாலம் இருந்து எங்கே பிழைத்தது என்று சொல்வது. புள்ளியை மட்டும் சொல்லி அனுப்பினால் பிள்ளை பயந்துதான் வீட்டுக்குப் போகும்.

கார்த்திகை, மார்கழி. மழை. எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது, எந்த மதகு அடைபட்டிருக்கிறது, எந்தக் குளத்துக்குப் போகவேண்டிய தண்ணீர் கடலுக்கு ஓடுகிறது என்று படம் எடுத்து நிலப்படத்தில் குறிக்கலாம். பிறகு ஆண்டறிக்கை. கட்டாயம் தமிழில், எவரும் வாசிக்கும் நடையில், வரவு செலவோடு. ஊர்மக்கள் முன் அதை வாசித்த பிறகே யாருக்கும் பாராட்டு. சான்றிதழில் பரீட்சைப் புள்ளியோடு கொடுத்த மணித்தியாலங்களும் எழுதப்பட வேண்டும்.

சிலர் சொல்வீர்கள், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே படிப்புச் சுமை போதும் என்று. நியாயம்தான். அதனால்தான் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்காமல் பருவத்துக்கு ஓர் அணி என்று பிரித்துச் சொல்கிறேன். இன்னொன்றையும் நினைவில் வைப்போம். 1945இல் வந்த இலவசக் கல்வியால்தான் நம் வீட்டுப் பிள்ளை கட்டணமின்றிப் பொறியியலாளர் ஆகிறது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் மத்திய கல்லூரித் திட்டம் தீவுக்குள் வந்ததால்தான் வேலணையில் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது. யாரோ முகம் தெரியாதவர்கள் வரி கட்டிப் படிப்பித்த படிப்பு இது. ஆண்டுக்குச் சில நாள் திருப்பிக் கொடுப்பது தர்மம் அல்ல, கடன் அடைப்பது.

புலம்பெயர்ந்த வாசகர்களே, உங்கள் ஊர்ச்சங்கங்கள் கட்டடத்துக்கும் கணினிக்கும் கொடுத்திருக்கிறீர்கள், ஊர் மறக்காது. இம்முறை கேட்பது பணத்தைவிடக் கொஞ்சம் கடினமானது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ பரிஸிலோ பொறியியலாளராக இருக்கும் உங்கள் பிள்ளை மாதம் ஒரு மணித்தியாலம் சூமில் வந்து, தீவகப் பிள்ளை ஒன்றுக்குத் தன் வேலையைத் தமிழில் சொல்லட்டும். தமிழ் தடுமாறினால் பரவாயில்லை, இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ளலாம்.

ஆசிரியர்களே, உங்கள் பாடசாலை எந்தக் கிணறுகளைத் தெரிந்தெடுக்கும் என்று எழுதி அனுப்புங்கள். பொறியியல் மாணவரே, நீங்கள் எந்தப் பருவத்துக்குப் பெயர் கொடுக்கிறீர்கள் என்று அறிவியுங்கள். பெற்றோரே, பிள்ளை விடுமுறையில் வந்து இந்த வேலைக்குப் போனால் நேரத்தை வீணாக்குகிறது என்று ஏசாதீர்கள். அடுத்த இதழிலிருந்து இதற்கென ஒரு பக்கத்தை ஒதுக்குகிறோம். கிணற்று அளவீடும், செய்த வேலையும், செலவான காசும் அதில் வரும். சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டதும் வரும். பெயர் கொடுக்க முன்னர் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்